தொடுதிரையும் தொட்டறிதலும்

தமிழ்த்துறையில் பணியாற்றுவோர்க்குப் பயணம் ஒழியாத கடமையாகும். வாய்மொழித் தேர்வு, பாடத்திட்டக் குழுக் கூட்டம், கருத்தரங்கு, இலக்கிய மன்றத் தொடக்க விழா என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஓர் ஊருக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வாறு பயணம் செய்து வரும் நாம், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து செல்லும் வழக்கம் உடையோம். பின்னிருக்கையில் அமர்ந்தால் கடந்து போகும் ஊர்கள் மட்டுமே தெரியும். முன்னிருக்கையில் அமர்ந்தாலோ ஊர்களோடு ஓட்டுநரின் கைகளும் தெரியும். அக்கைகள் செய்யும் வேலை இந்த முப்பது ஆண்டுகளில் எவ்வாறு மாறிவிட்டது என்பதைப் பற்றியே இங்குச் சிறிது பேச விழைகிறோம். பொறியியல் நமக்குரிய துறையன்று. ஆயினும், சாலையில் செல்வோர் எல்லார்க்கும் பொதுவான ஒன்றைப் பற்றிப் பேசப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை என்று கருதுகிறோம்.

கை அறிந்த காலம்

நாம் பணியில் சேர்ந்த புதிதில் வெளியூர்ப் பயணம் என்றால் அம்பாசிடர் வண்டிதான். 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அவ்வண்டி, அந்நாளில் அரசு அலுவலகங்களுக்கும் வாடகை நிலையங்களுக்கும் பொதுவான ஊர்தியாக விளங்கியது. அதன் முன்பலகையில் பெரிதாக ஒன்றும் இராது. வேகங்காட்டும் வட்டம் ஒன்று. விளக்குக்கு ஒரு குமிழ். மழைத்துடைப்பானுக்கு ஒரு குமிழ். வசதி படைத்தவர் வண்டியாயின் ஒரு வானொலிப் பெட்டி. அவ்வளவே.

நம்மை அடிக்கடி அழைத்துச் சென்ற ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அப்போதே அறுபதை நெருங்கிய பெரியவர். திருச்சியிலிருந்து மதுரைக்கு இரவு நேரத்தில் செல்லும்போது விராலிமலையைத் தாண்டியதும் திடீரென மழை பிடித்துக்கொள்ளும். முதல் துளி கண்ணாடியில் விழுந்து வழிவதற்குள் அவருடைய இடக்கை தானே எழுந்து சென்று துடைப்பானின் குமிழைத் திருகிவிட்டுத் திரும்பிவிடும். அவர் கண்கள் சாலையை விட்டு அசைந்ததை நாம் கண்டதில்லை. ஒருமுறை வியப்போடு கேட்டபோது அவர் சொன்ன விடை இன்றும் நினைவில் இருக்கிறது: “கண்ணு ரோட்டுக்கு, காது இன்ஜினுக்கு, மத்ததெல்லாம் கை பாத்துக்கும் சார்.”

ஓட்டுநர் கலையின் இலக்கணம் முழுவதையும் அம்முதியவர் ஒரே தொடரில் அடக்கிவிட்டார் என்றே எண்ணத் தோன்றுகிறது. குமிழ் இருக்கும் இடம் மாறாது. அதன் வடிவத்தை விரல் அறியும். திருகினால் ‘டக்’ என்னும் ஒலி எழுந்து வேலை முடிந்தது என்பதைக் கைக்கும் காதுக்கும் உணர்த்தும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

திரை வந்த வரலாறு

இன்றைய மகிழுந்தின் முன்பலகையைப் பார்ப்போர், அங்கு ஒரு சிறு தொலைக்காட்சிப் பெட்டியைப் பொருத்தியிருப்பதாகவே கருதுவர். பாட்டு, வானொலி, தொலைபேசி, வழிகாட்டும் வரைபடம், குளிர்காற்று, பின்புறக் காட்சி ஆகிய அனைத்தும் அக்கண்ணாடித் திரை ஒன்றிலேயே அடங்கிவிட்டன. தகவலையும் கேளிக்கையையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து ‘இன்ஃபோடெயின்மென்ட்’ என்று அதற்குப் பெயர் சூட்டியுள்ளனர்.

இஃது ஒரே நாளில் வந்ததன்று. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கால்வின் உடன்பிறப்புகளின் நிறுவனம் ‘மோட்டோரோலா’ என்னும் பெயரில் மகிழுந்து வானொலியை விற்கத் தொடங்கியது. பின்னர் ஒலிநாடாவும் குறுந்தகடும் வந்தன. பலரும் நினைப்பது போலத் தொடுதிரை இந்த நூற்றாண்டின் புதுமையன்று. 1986ஆம் ஆண்டிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது ப்யூக் ரிவியரா வண்டியில் பச்சை ஒளி உமிழும் தொடுதிரை ஒன்றை அமைத்திருந்தது. குளிர்காற்றையும் வானொலியையும் அத்திரையைத் தொட்டே இயக்க வேண்டும். சாலையைப் பார்ப்பதை விட்டுத் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று வாங்கியோர் குறைகூறினர். 1990ஆம் ஆண்டு மாதிரியில் அத்திரை நீக்கப்பட்டுப் பொத்தான்கள் திரும்பி வந்தன.

2001ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வேறொரு வழியை முயன்றது. ஓட்டுநரின் கைக்கு அருகில் ஒரே ஒரு பெரிய குமிழ். அதனைத் திருகியும் அழுத்தியும் திரையிலுள்ள பட்டியல்களுக்குள் சென்று எல்லாவற்றையும் இயக்கலாம். குமிழ் ஒன்றே ஆயினும் பட்டியல்கள் பலவாக இருந்தமையால் அதற்கும் கடும் கண்டனம் எழுந்தது. 2012ஆம் ஆண்டில் டெஸ்லா நிறுவனத்தின் ‘மாடல் எஸ்’ வண்டி 17 அங்குலத் தொடுதிரையோடு வெளிவந்தது. அதன்பின் உலகெங்கும் உள்ள நிறுவனங்கள் பொத்தான்களைக் களைந்து திரையைப் பெரிதாக்கும் போட்டியில் இறங்கின. ஓட்டுநரின் கைப்பேசியை வண்டியின் திரையோடு இணைக்கும் ‘கார்ப்ளே’, ‘ஆண்ட்ராய்டு ஆட்டோ’ ஆகிய இரண்டும் 2014ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன.

நிறுவனங்கள் திரையை விரும்பியதற்குக் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அச்சு வேண்டும். தனிக் கம்பி வேண்டும். பொருத்துவதற்கு ஆள் வேண்டும். திரையில் வரையப்படும் பொத்தானுக்கு இவை எவையும் வேண்டா. வண்டி விற்ற பிறகும் புதிய வசதிகளைச் சேர்க்கலாம். மேலும், அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் புதிய மகிழுந்துகள் எல்லாவற்றிலும் பின்புறத்தைக் காட்டும் கேமரா கட்டாயமாயிற்று. கேமரா இருப்பின் திரையும் இருந்தே ஆக வேண்டும். இருக்கின்ற திரையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் செலவு குறையும் அன்றோ? விற்பனைக் கூடத்தில் நிற்கும் வண்டியில் ஏறி அமர்வோர் முதலில் காண்பதும் வியப்பதும் அத்திரையைத்தான். ஆனால் வண்டி ஓடும்போது அதே திரையை எவ்வாறு இயக்குவது என்னும் வினா விற்பனைக் கூடத்தில் எழுவதில்லை.

தொடுதலும் உற்றறிதலும்

‘தொடுதிரை’ என்னும் கலைச்சொல்லைத் தமிழ் மாணவர் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பகுத்துள்ளார். அவ்வரிசையில் முதலாவது மெய்யால் உற்றறியும் அறிவு. அதன்பின் நாவும் மூக்கும் வருகின்றன. கண்ணறிவு நான்காவதாகவே வைக்கப்பட்டுள்ளது. புல்லுக்கும் மரத்துக்கும் உரிய அடிப்படை அறிவு அந்த உற்றறிதலே. கண்ணை மூடிக்கொண்டாலும், இருளில் நின்றாலும் நம்மைக் கைவிடாத அறிவும் அதுவே.

திரையில் விரல் படுகிறது; ஆனால் விரல் எதையும் உற்றறிவதில்லை. குளிர்காற்றுக்குரிய இடமும் பாட்டுக்குரிய இடமும் ஒரே வழவழப்பான கண்ணாடிதான். மேடு பள்ளம், குளிர்ச்சி வெப்பம், வட்டம் சதுரம் என்ற வேறுபாடு எதுவும் விரலுக்குப் புலப்படாது. எங்கே தொடுவது என்று கண் தேட வேண்டும். விரலைக் கண் வழிநடத்த வேண்டும். தொட்டபின் வேலை நடந்ததா என்பதையும் கண்ணே சரிபார்க்க வேண்டும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் விரல் வேறிடத்தில் பட்டு வேறொரு பக்கம் விரியும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெயரால் தொடுதிரையாயினும் செயலால் அது முழுக்க முழுக்கக் கண்திரையே ஆகும். சாலைக்கு உரிய கண்ணை அது தனக்கெனக் கேட்கிறது.

மழை மாலை ஒன்று

இக்கருத்து நூலறிவால் மட்டும் நமக்கு வந்ததன்று. 2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் விழுப்புரத்தில் ஒரு கருத்தரங்கை முடித்துக்கொண்டு வாடகை மகிழுந்தில் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி வாங்கி மூன்று மாதங்கூட ஆகவில்லை. ஓட்டுநர் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட இளைஞர், பொறுமைசாலி, வேகத்தை விரும்பாதவர். உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. சிறிது நேரத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து சாலை மங்கியது.

ஆவியைப் போக்கக் கண்ணாடியை நோக்கிக் காற்றைத் திருப்ப வேண்டும். அதற்குரிய கட்டளையோ திரைக்குள் இருந்தது. திரையில் அப்போது வழிகாட்டும் வரைபடம் விரிந்திருந்தது. இளைஞர் வரைபடத்தை ஒதுக்க ஒருமுறை தொட்டார். குளிர்காற்றுப் பக்கத்தைத் திறக்க மறுமுறை தொட்டார். வண்டி குலுங்கியதில் விரல் தவறிப் பாட்டுப் பட்டியல் திறந்துகொண்டது. அதை மூடிவிட்டு அவர் மீண்டும் தேடிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில் வண்டி இடப்புறமாகச் சரிந்தது. சாலையோரத்தில் மிதிவண்டியில் இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்தபடி ஒருவர் மிதித்துச் சென்றுகொண்டிருந்தார். “தம்பி!” என்று நாம் கூவினோம். தடையை அழுத்தி வண்டியை வலப்புறம் திருப்பி நிறுத்தியபோது, அவருக்கும் நம் வண்டிக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி இருந்திராது.

பால்காரர் இறங்கி நின்று நம்மை ஒருமுறை பார்த்தார். வசைமொழி ஏதும் பேசவில்லை. கேனின் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறி மிதித்துச் சென்றுவிட்டார். ஓட்டுநரின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நெடுநேரம் வாய் பேசாமல் இருந்தவர், பின்பு சொன்னார்: “பழைய வண்டியா இருந்தா கை தானா போயிருக்கும் சார். இதுல எது எங்க இருக்குன்னு தேடணும். தேடுனா ரோடு போயிடுது.”

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏதேனும் நேர்ந்திருந்தால் சட்டம் அவ்விளைஞரைத்தான் கேட்டிருக்கும். அதுவே முறையும் ஆகும். ஏனெனில் வண்டியைச் செலுத்துபவர் அவரே. ஆனால், மழைக்காலத்தில் உயிர் காக்கும் ஒரு கட்டளையை மூன்று தொடுதல்களுக்கு அப்பால் கொண்டுபோய் ஒளித்து வைத்தவர் அவர் அல்லர் என்பதும் உண்மை.

இவ்வினா செருமனி நாட்டில் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தோம். அங்குப் பெருமழையில் டெஸ்லா வண்டியை ஓட்டிச் சென்ற ஒருவர், துடைப்பானின் வேகத்தை மாற்றுவதற்காகத் திரையைத் தொட்டபோது வண்டி சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. அவ்வண்டியில் துடைப்பானின் இடைவெளியைத் திரை வழியாகவே அமைக்க வேண்டியிருந்தது. வண்டியோடு பொருத்தப்பட்ட திரையும் ஒரு மின்னணுக் கருவியே என்றும், சாலைச் சூழலுக்கு ஏற்ற சிறு பார்வைக்கு மேல் அதில் கண் செலுத்துதல் குற்றம் என்றும் கார்ல்சுரூவே உயர்நிலை நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அவருக்கு 200 யூரோ தண்டமும், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும் கிடைத்தன. தீர்ப்பு ஓட்டுநரோடு நின்றுவிட்டது. திரையை அவ்வாறு அமைத்தோரை அது தொடவில்லை.

அளந்து கண்டவர்கள்

ஒரு பயணியின் அச்சத்தை மட்டும் வைத்து ஒரு கருவியைப் பழித்தல் நேர்மையாகாது. ஆதலின், இதனை முறையாக அளந்து கண்டோர் கூறுவதையும் நோக்குவோம்.

சுவீடன் நாட்டின் ‘வீ பில்யேகரே’ என்னும் வாகன இதழ் 2022ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடத்தியது. பதினொரு புதிய மகிழுந்துகளையும், ஒப்பிடுவதற்காக 2005ஆம் ஆண்டின் வோல்வோ வி70 வண்டி ஒன்றையும் ஒரு விமானத்தளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினர். வெப்பநிலையைக் கூட்டுதல், குறிப்பிட்ட வானொலி நிலையத்தை வைத்தல், பயணத் தொலைவுக் கணக்கைச் சுழியாக்குதல், முன்பலகை வெளிச்சத்தைக் குறைத்தல் முதலிய எளிய வேலைகளை ஓட்டுநர் செய்ய வேண்டும். கருவிகளை முன்னரே பழகிக்கொள்ளவும் அவர்களுக்கு நேரம் தரப்பட்டது. பொத்தான்கள் நிறைந்த பழைய வோல்வோவில் எல்லா வேலைகளும் 10 நொடிகளில் முடிந்தன. அதற்குள் வண்டி 306 மீட்டர் சென்றிருந்தது. புதிய வண்டிகளுள் கடைசியில் நின்ற ஒன்றில் அதே வேலைகளுக்கு 44.9 நொடிகள் ஆயின. வண்டி 1,372 மீட்டரைக் கடந்துவிட்டது. பதினேழு ஆண்டுக் காலத் தொழில்நுட்ப வளர்ச்சி, ஓட்டுநரின் வேலையை நான்கு மடங்கிற்கும் மேலாக நீட்டித் தந்திருக்கிறது.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஓட்டுநர் ஒருமுறை கண்ணை எடுப்பது 2 நொடிகளுக்கு மேற்படலாகாது. ஒரு வேலை முழுவதற்கும் சேர்த்து 12 நொடிகளுக்கு மேற்படலாகாது. இந்நெறிகள் கட்டாயமானவை அல்ல. நிறுவனங்கள் விரும்பினால் ஏற்கலாம். 2 நொடி என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 2 நொடிகளில் ஏறத்தாழ 33 மீட்டர் சென்றுவிடும். நம் ஊர்ச் சாலைகளில் அந்த 33 மீட்டருக்குள் ஒரு பள்ளிப் பிள்ளை, ஓர் ஆட்டுக்குட்டி, எதிர்த்திசையில் வரும் ஓர் இருசக்கர வண்டி ஆகிய மூன்றும் வந்துவிடக்கூடும்.

யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க மகிழுந்துச் சங்கத்தின் அறக்கட்டளைக்காக 2017ஆம் ஆண்டில் 30 வண்டிகளை ஆராய்ந்தபோது, ஓடும் வண்டியில் வழிகாட்டியில் ஓர் ஊரைக் குறிப்பதற்குச் சராசரியாக 40 நொடிகள் ஆவதைக் கண்டனர். இங்கிலாந்தில் ‘ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட்’ என்னும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மேலும் அச்சந்தருவது. கைப்பேசியோடு இணைந்த திரையைத் தொட்டு இயக்கும் ஓட்டுநரின் எதிர்வினை நேரம் பாதிக்கும் மேலாகக் கூடிவிடுகிறது. அந்நாட்டுச் சட்டம் விடும் எல்லையளவு மது அருந்தியவரிடம் முன்பு கண்ட தாமதமோ 12 விழுக்காடுதான் என்று அது ஒப்பிட்டுக் காட்டியது.

திரையின் நன்மைகள்

இவ்வளவு கூறியதால் திரையையே தூக்கியெறிய வேண்டும் என்பது நம் கருத்தன்று. முன்பெல்லாம் அறியாத ஊருக்குச் சென்றால் தேநீர்க் கடைதோறும் வண்டியை நிறுத்தி வழி கேட்க வேண்டும். நால்வர் நான்கு வழி சொல்வர். இன்று வரைபடம் வழியைக் காட்டுவதோடு, திரும்ப வேண்டிய இடத்தை வாயாலும் கூறுகிறது. பின்புறக் கேமராவோ, வண்டியின் பின்னே விளையாடும் குழந்தையைக் காட்டி உயிர் காக்க வல்லது. அதில் குறைகூற ஒன்றுமில்லை. மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பதைவிடக் கண்ணுக்கு நேராகத் திரை இருப்பது மேல் என்பதையும் மறுப்பதற்கில்லை.

குரலால் கட்டளையிடும் வசதி இக்குறைகளை எல்லாம் தீர்த்துவிடும் என்று சிலர் கூறுவர். கண் சாலையில் இருக்க, வாய் மட்டும் பேசினால் போதுமே என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால், ஓர் ஓட்டுநர் ‘ஒட்டன்சத்திரம்’ என்று நான்கு முறை நிறுத்தி நிதானமாகச் சொல்லியும், கருவி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஊரைக் காட்டியதை நாம் பக்கத்திலிருந்து கண்டிருக்கிறோம். நான்காம் முறை அவர் முகத்தில் சினம் ஏறியது; சினம் ஏறியவர் கண் திறந்திருந்தாலும் சாலை அவர் கருத்தில் இராது. முற்கூறிய யூட்டா ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் செய்த மற்றோர் ஆய்வும் இதனை உறுதிப்படுத்துகிறது. குரற்கட்டளை முடிந்த பிறகும் ஓட்டுநரின் மனம் முழுமையாகச் சாலைக்குத் திரும்ப 27 நொடிகள்வரை ஆகலாம் என்பது அவர்கள் கண்ட முடிபு. ஆறாவது அறிவாகத் தொல்காப்பியர் வைத்த மனத்தைக் கொடுத்துவிட்டு, நான்காவதாகிய கண்ணை மட்டும் சாலையில் வைத்துப் பயனில்லை.

திரும்பி வரும் பொத்தான்கள்

மகிழ்ச்சிக்குரிய செய்தி யாதெனின், உலகம் மெல்லத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. இதற்கு ஒரு பாடம் கடலிலிருந்தும் கிடைத்தது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கக் கடற்படையின் ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்னும் போர்க்கப்பல் சிங்கப்பூருக்கு அருகில் ஒரு சரக்குக் கப்பலோடு மோதியதில் பத்து மாலுமிகள் உயிரிழந்தனர். கப்பலின் திசையையும் வேகத்தையும் தொடுதிரை வழியாக இயக்கும் அமைப்பைப் பணியாளர் சரிவரப் புரிந்துகொள்ளாமையும் அவ்விபத்துக்குரிய காரணங்களுள் ஒன்று என்று விசாரணையில் தெரியவந்தது. அவ்வகைக் கப்பல்களில் வேகத்துக்குத் தொடுதிரையை விலக்கிப் பழையபடி கைப்பிடி நெம்புகோலையே அமைப்பதெனக் கடற்படை 2019ஆம் ஆண்டில் முடிவு செய்தது. மாலுமிகளிடம் கேட்டபோது அவர்கள் விரும்பியதும் அதுவே.

ஐரோப்பாவில் மகிழுந்துகளின் பாதுகாப்புக்கு விண்மீன் மதிப்பெண் வழங்கும் ‘யூரோ என்கேப்’ அமைப்பு 2026ஆம் ஆண்டு முதல் ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவந்துள்ளது. திருப்ப விளக்கு, அபாய விளக்கு, ஒலிப்பான், மழைத்துடைப்பான், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தொட்டுணரத்தக்க தனிக் கருவிகள் இருந்தாலே முழு மதிப்பெண் கிட்டும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனமும் ஒலியளவு, வெப்பம், காற்று, அபாய விளக்கு ஆகியவற்றுக்குப் பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவருவதாக 2025ஆம் ஆண்டில் அறிவித்தது. 1990இல் ப்யூக் வண்டி கற்ற பாடத்தை முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பிறரும் படிக்கத் தொடங்கியுள்ளனர்.

நம் நாட்டில், 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொலைத்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துதலை ஆபத்தான ஓட்டுதலாகப் பெயர் சுட்டிக் கூறுகிறது. 2020ஆம் ஆண்டு விதித்திருத்தம் வழி காண்பதற்கு மட்டும் அதனை விலக்கியது. வண்டியோடு சேர்த்தே விற்கப்படும் பெருந்திரை கையில் பிடிக்கும் கருவியன்று. ஆனால் கண்ணைக் கவர்வதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஒன்றிய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 எனத் தமிழகம் முதலிடத்தில் நின்றது. இவ்விபத்துகளுக்குத் திரையே காரணம் என்று நாம் கூறவில்லை. முன்னரே இவ்வளவு இடர் மலிந்த சாலையில் கண்ணைப் பறிக்கும் புதிய பொருள் ஒன்றையும் சேர்க்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்றே கூறுகிறோம்.

நாம் செய்யத் தக்கவை

சட்டமும் நிறுவனங்களும் திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. அந்த மழை மாலைக்குப் பிறகு நம் வீட்டிலும் நாம் செல்லும் வண்டிகளிலும் சில நடைமுறைகளைக் கைக்கொண்டு வருகிறோம். சாவியைத் திருப்பியவுடன் புறப்படுவதில்லை. செல்லும் ஊரைக் குறித்தல், பாட்டைத் தேர்தல், குளிர்காற்றை அமைத்தல் ஆகியவற்றை வண்டி நிற்கும்போதே முடித்துவிடுகிறோம். வண்டி ஓடத் தொடங்கிய பின் திரை ஓட்டுநருக்கு உரியதன்று. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கே உரியது. வழியில் எதையேனும் மாற்ற வேண்டுமாயின் அவரே மாற்றுகிறார். தனியே செல்பவராயின், ஸ்டியரிங் சக்கரத்திலேயே உள்ள பொத்தான்களைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுதல் வேண்டும். அதற்கும் அடங்காத வேலையாயின் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துதல் வேண்டும். ஒரு தேநீர் அருந்தும் நேரத்தில் உலகம் கவிழ்ந்துவிடாது.

சென்ற ஆண்டு நம் தங்கை மகள் புதிய மகிழுந்து வாங்கச் சென்றபோது நம்மையும் உடன் அழைத்துச் சென்றார். விற்பனையாளர் பெரிய திரையின் சிறப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பெண் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். நின்ற வண்டியில் கண்களை மூடிக்கொண்டார். “மாமா, நீங்க ஒவ்வொண்ணா சொல்லுங்க” என்றார். நாம் ‘துடைப்பான்’ என்றோம், கை சென்றது. ‘அபாய விளக்கு’ என்றோம், கை சென்றது. ‘கண்ணாடிக்குக் காற்று’ என்றோம். கை கண்ணாடித் திரையில் வழுக்கிக்கொண்டு நின்றது. அடுத்து நின்ற, விலை குறைந்த மாதிரியில் திரை சிறியது. காற்றுக்கு மூன்று குமிழ்கள் இருந்தன. அதில் எல்லாவற்றுக்கும் கை சென்றது. விற்பனையாளர் எவ்வளவோ எடுத்துரைத்தும் அப்பெண் அச்சிறிய திரை வண்டியையே தேர்ந்தெடுத்தார்.

ஒரு காசும் செலவில்லாத இச்சோதனையை வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் செய்து பார்க்கலாம். இம்மலரைப் படிக்கும் மாணவர்களுள் நாளை வண்டி ஓட்டப் போகிறவர் பலர். வாங்கப் போகிறவர் பலர். மகிழுந்துத் தொழிற்சாலைகள் நிறைந்த இம்மாநிலத்தில், அத்தொழிற்சாலைகளுக்குள் பணியேற்கப் போகிறவர்களும் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் மூவரும் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றே. ஓட்டுநரின் கண் அவருக்கு மட்டும் உரிய பொருளன்று. சாலையில் நடப்போர்க்கும் மிதிப்போர்க்கும் அதில் உரிமை உண்டு. கை செய்யக்கூடிய வேலையைக் கையிடமே விட்டுவிட்டால், அவ்வுரிமை அவர்களுக்குக் குறைவின்றிச் சென்று சேரும்.